ஆடி வரை பொறுங்கள், அந்த மூலையை இப்போது தேய்க்க வேண்டாம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியது:

"ஐயா, எங்கள் சங்க ஹாலில் மரத்தரை. ரொடீசியன் டீக் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சனி, ஞாயிறு கல்யாணம். வார நாட்களில் மாலையில் பிள்ளைகளுக்கு பாட்மின்டன் சொல்லிக் கொடுக்கிறேன். ஜனவரி மழைக்குப் பிறகு மேட்டுப் பக்கத்து மூலையில் பலகைகளின் ஓரமெல்லாம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. மற்ற இடங்களில் பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள். கமிட்டியில் பாதிப் பேர் கல்யாணத்தை நிறுத்து என்கிறார்கள், பாதிப் பேர் பாட்மின்டனை நிறுத்து என்கிறார்கள். ஒரு காண்ட்ராக்டர் சித்திரைப் புத்தாண்டுக்குள் முழுத் தரையையும் தேய்த்து மூன்று கோட் வார்னிஷ் அடித்துத் தருகிறேன் என்கிறார். சரி சொல்லலாமா? தினமும் தண்ணீர் விட்டுத்தான் துடைக்கிறோம், அது தப்பா? போன வருடம்தான் அந்தச் சுவர் ஓரமாக மண் கொட்டி, பாத்தி கட்டி, துளசியும் செவ்வந்தியும் வைத்தோம். வெளியே அழகாக இருக்கிறது, உள்ளே இப்படி ஆகிவிட்டதே என்று கஷ்டமாக இருக்கிறது."

வணக்கம் அம்மா. காண்ட்ராக்டரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர் வேலை தெரியாதவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓரம் தூக்கி நிற்கிற பலகையை ஈரம் காயும் முன் தேய்த்தால் தரை கெட்டுவிடும், அதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது. இதை அனுபவத்தில் பட்டுச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் இதே தப்பை நான் செய்திருக்கிறேன். மார்ச் மாதத்தில் தேய்த்து, கண்ணாடி மாதிரி மட்டமாக்கிக் கொடுத்தேன். குளிர்காலம் முடிவதற்குள் ஒவ்வொரு பலகையின் நடுவும் முதுகு மாதிரி புடைத்துவிட்டது. தூக்கி நின்ற ஓரங்களை நான் சீவி எடுத்திருந்தேன். பலகை காய்ந்து தன் பழைய வடிவத்துக்குத் திரும்பியபோது ஓரத்தில் கட்டை இல்லை. அந்தப் பிள்ளைகளின் தரையில் இருந்து நான் வீணாக எடுத்த மரம் இன்னும் என் மனசில் இருக்கிறது.

பலகை ஏன் ஓரம் தூக்குகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வெயிலில் அப்பளம் காயப் போட்டால் மேல்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கும், அடிப்பக்கம் ஈரமாகவே இருக்கும், ஓரம் மேலே தூக்கிக்கொள்ளும். உங்கள் மூலையிலும் அதுதான் நடக்கிறது. பலகையின் மேலே வார்னிஷ் இருக்கிறது, ஹாலின் காற்றும் படுகிறது. அடியில் ஈரம். மரம் நீளவாக்கில் கிட்டத்தட்ட நீளுவதே இல்லை, அகலவாக்கில்தான் பருக்கும். அடிப்பக்கம் அகலமாகி மேல்பக்கம் அப்படியே இருந்தால் பலகை கிண்ணம் மாதிரி குழிந்துவிடும். ஆக, மேலே எதையும் செய்வதற்கு முன் அடியில் எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கான பதிலை உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் நீங்களே எழுதிவிட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். அந்தத் துளசிப் பாத்தி.

நம் பழைய ஹால்கள் பலவற்றில் மரத்தரை நேராக மண்ணிலோ கான்கிரீட்டிலோ உட்காராது. அடியில் தாங்கு கட்டைகள், அவற்றின் கீழே வெற்றிடம். அந்த வெற்றிடம் மூச்சு விடுவதற்காக வெளிச்சுவரின் கீழ்ப்பகுதியில் சின்னச் சின்ன ஓட்டை போட்ட செங்கல்களை வைத்திருப்பார்கள், ஏர்பிரிக் என்போம். ஒரு பக்கச் சுவரில் காற்று நுழைந்து எதிர்ப்பக்கச் சுவர் வழியாக வெளியேறும். சாட்ஸ்வொர்த் முழுக்க மேடும் பள்ளமும். மேட்டுப் பக்கத்துச் சுவரில் மழைநீர் இயல்பாகவே வந்து முட்டும். அங்கே மண்ணைக் கொட்டிப் பாத்தி கட்டினால் ஏர்பிரிக் மூடிப்போகும். மண் அதற்கும் மேலே ஏறியிருந்தால், சுவரில் ஈரம் ஏறாமல் தடுக்க வைத்திருக்கும் கறுப்புப் பட்டையையும் தாண்டிவிடும். அந்தப் பட்டைக்கும் வெளி மண்ணுக்கும் 150 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். இத்தனைக்கும் நடுவில் துளசிக்கு தினமும் தண்ணீர் வேறு ஊற்றுகிறீர்கள்.

இன்றைக்கே போய்ப் பாருங்கள். பாத்தி மண்ணைச் சுவரிலிருந்து அரை மீட்டராவது தள்ளி இழுத்துவிட்டு ஏர்பிரிக்குகளைத் தேடுங்கள். பழைய சாயம் அடைத்திருந்தால் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். எலி நுழையும் என்று யாராவது சிமெண்ட் பூசியிருந்தால் அதைத் தட்டி எடுத்துவிட்டு உள்ளே மெல்லிய கம்பி வலை வையுங்கள். அப்புறம் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி ஏர்பிரிக் முன்னால் பிடியுங்கள். புகை உள்ளே இழுக்கப்பட வேண்டும் அல்லது வெளியே தள்ளப்பட வேண்டும். நேராக மேலே போனால் காற்றோட்டம் இல்லை, எதிர்ச்சுவரையும் பாருங்கள். அதே மூலையில் கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் எங்கே கொட்டுகிறது என்று ஒரு மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பதும் நல்லது. துளசியை எடுத்துவிடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு மாடம் கட்டி, சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள்.

உங்கள் பெரியவர்கள் சொன்னது சரியாக இருந்தால் இன்னொரு விஷயமும் தெளிவாகிறது. ரொடீசியன் டீக் பெயரில்தான் தேக்கு. நம் தேக்கோடு அதற்கு உறவே கிடையாது. புளியமரம் எந்தக் குடும்பமோ அதே குடும்பத்து மரம். ஜாம்பியா, ஜிம்பாப்வே, பொட்ஸ்வானா பக்கத்துக் கலஹாரி மணலில் வளர்வது, இப்போது ஜாம்பேசி டீக் என்று சொல்வோம். கல் மாதிரி கனம், செம்பழுப்பு நிறம். ஈரத்துக்கு அவ்வளவு சுலபமாக அசைந்து கொடுக்காத கட்டை. அப்படிப்பட்ட மரமே ஓரம் தூக்கி நிற்கிறது என்றால், கொஞ்ச நஞ்ச ஈரமாக இருக்காது. துடைக்கிற தண்ணீரால் மட்டும் இப்படி ஒரே மூலையில் ஆகியிருக்காது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: இன்றைக்கு அந்த மரத்தைப் புதிதாக வாங்கிப் போட வேண்டுமென்றால் மலைத்துப் போவீர்கள். உங்கள் முன்னோர் உங்களுக்கு விட்டுப்போன சொத்து அது.

சரி, தண்ணீர் நின்ற பிறகு என்ன? காத்திருக்க வேண்டும். ஹீட்டர் வைத்து ஊதிக் காய வைக்காதீர்கள், மேல்பக்கம் இன்னும் வேகமாகக் காய்ந்து வளைவு கூடும், பலகை வெடிக்கவும் செய்யும். ஊசி முனை வைத்த ஈரமானி ஒன்றைக் கடன் வாங்குங்கள், ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். கெட்ட மூலையில் 6 இடம், நல்ல பகுதியில் 6 இடம் குறித்துக்கொண்டு, அதே இடங்களில் 2 வாரத்துக்கு ஒரு முறை அளந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். டர்பன் கோடையில் காற்றின் ஈரப்பதம் 75, 80 சதவீதத்துக்குப் போகும்போது, நன்றாக இருக்கிற மரம்கூட 14, 16 சதவீத ஈரத்தில்தான் நிற்கும். அதனால் எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இரண்டு பகுதிக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். அது 2 சதவீதத்துக்குள் வந்து, ஒரு மாதம் அப்படியே நின்றால் தரை காய்ந்துவிட்டது. அதற்குள் பாதிப் பலகைகள் தாமாகவே படுத்துவிடுவதை நான் நிறைய பார்த்திருக்கிறேன். படுக்காதவற்றை மட்டும் அப்போது தேய்க்கலாம்.

எப்போது என்று கேட்பீர்கள். ஆடியில். நம் ஊரில் மழை கோடையில்தான் கொட்டும். ஜூன், ஜூலைதான் வறண்ட மாதங்கள். ஜூலை நடுவில் ஆடி பிறக்கும்போது காற்றும் காய்ந்திருக்கும், கல்யாண முகூர்த்தமும் இருக்காது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற ஒரு நாளைத் தவிர ஹால் உங்கள் கையில்தான். வார்னிஷ் நன்றாக இறுகுவதற்கு அவகாசம் கொடுத்துவிட்டு ஆவணி முகூர்த்தங்களுக்குத் திறந்துவிடலாம். சித்திரைக்கு ஹால் பளபளக்க வேண்டும் என்ற கமிட்டியின் ஆசை எனக்குப் புரிகிறது. இந்த ஒரு வருடம் மட்டும் அந்த மூலையில் மேசை போட்டு மறைத்துக்கொள்ளட்டும்.

முழுத் தரையையும் தேய்க்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. வேண்டாம் என்பதுதான் என் கணிப்பு. பலகைகள் நாக்கும் காடியுமாக ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கின்றன. நாக்குக்கு மேலே இருக்கிற கட்டைதான் தரையின் ஆயுள். முழுக்கத் தேய்க்கிற ஒவ்வொரு முறையும் அதில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் போய்விடும். வாசற்படி ஓரத்திலோ, சுவரடியில் அடித்திருக்கிற ஸ்கர்ட்டிங் பட்டையைக் கழற்றியோ பார்த்தால் எவ்வளவு மிச்சம் என்று தெரியும். தேய்க்கிறவரிடம் இதை அளந்து காட்டச் சொல்லுங்கள், அளக்காமல் விலை சொல்கிறவரை நான் நம்பமாட்டேன். நன்றாக இருக்கிற பகுதிக்கு வார்னிஷை மட்டும் லேசாகச் சொரசொரப்பாக்கி மேலே ஒரு கோட் புதிதாக அடித்தால் போதும். ஆட்டமும் கல்யாணமும் மாறி மாறி நடக்கிற ஹாலில் இதை வருடத்துக்கு ஒரு முறை செய்துவிட்டால், முழுக்கத் தேய்க்கிற வேலை 10 வருடத்துக்கு ஒரு முறைதான் வரும்.

ஸ்கர்ட்டிங்கைக் கழற்றும்போது இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, சுவருக்கும் தரைக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதா என்று. ஒரு பலகை மழைக்காலத்தில் கால் மில்லிமீட்டர் பருத்தால்கூட 200 பலகை சேர்ந்து 50 மில்லிமீட்டர் ஆகிவிடும். அப்படி விரிவதற்கு இடம் வேண்டும். இடைவெளியில் சிமெண்டோ பழைய குப்பையோ அடைத்திருந்தால் தரை நடுவில் கூரை மாதிரி எழும்பிவிடும். இரண்டாவது, கசகசா மாதிரி சின்னச் சின்ன உருண்டைகள் குவிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் 6 பட்டை இருக்கும். அது காய்ந்த மரத்தைத் தின்கிற கறையானின் எச்சம். அந்த வகைக் கறையான் வெளிநாட்டிலிருந்து கப்பலேறி வந்து டர்பனில் குடியேறிப் பல காலம் ஆகிறது. அதற்கு மண்ணும் வேண்டாம், ஈரமும் வேண்டாம். கண்டால் எல்லா வேலையையும் நிறுத்திவிட்டுப் பூச்சி மருந்துக்காரரைக் கூப்பிடுங்கள்.

இப்போது பிள்ளைகள் வழுக்கி விழுகிற விஷயம். இதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது, கணுக்காலும் முட்டியும் சம்பந்தப்பட்டது. யாரோ மெழுகு பாலிஷ் போட்டிருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன். வீட்டுத் தாழ்வாரத்துக்குப் போடுகிற தகர டப்பா பாலிஷைக் கல்யாணத்துக்கு முந்தின நாள் ஆசையாகப் போட்டுத் தேய்ப்பது நம்மிடம் உள்ள பழக்கம். கண்டுபிடிக்கச் சுலபமான வழி: மூன்று நான்கு இடங்களில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு 10 நிமிடம் கழித்துப் பாருங்கள். சொட்டுக்கு அடியில் வெள்ளையாகப் பூத்திருந்தால் மெழுகு இருக்கிறது. அப்படியானால் அதை முழுக்க எடுக்காமல் மேலே எந்த வார்னிஷும் ஒட்டாது, தோல் மாதிரி உரியும். காண்ட்ராக்டரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். வெள்ளை பூக்கவில்லையென்றால் தூசியும் எண்ணெயும்தான் காரணம்.

புதிய கோட் அடிக்கும்போது விளையாட்டுத் தரைக்கென்றே செய்த பாலியூரித்தேன் வார்னிஷ் வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். பளபளப்பு எவ்வளவு என்று மட்டும் கேட்டால் போதாது, உராய்வு எவ்வளவு என்று கேளுங்கள். ஐரோப்பாவின் உள்ளரங்கத் தரைகளுக்கான ஈஎன் 14904 என்ற தர அளவில், ஊசல் கருவியால் அளக்கிற அந்த எண் 80க்கும் 110க்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் வழுக்கும். கூடினாலும் ஆபத்துதான். ஷூ தரையைப் பிடித்துக்கொள்ளும், உடம்பு திரும்பும், முட்டி முறுக்கிக்கொள்ளும். வழுக்குகிறதே என்று மணலைக் கலந்து அடிக்கச் சொல்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

தினசரித் துடைப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். வாளித் தண்ணீரை இன்றோடு நிறுத்துங்கள். அகலமான மைக்ரோஃபைபர் துடைப்பானால் ஆட்டத்துக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை, காய்ந்த துடைப்பு. அவ்வளவுதான். துடைப்பானில் எண்ணெயோ ஸ்ப்ரே பாலிஷோ தெளிக்கக் கூடாது. வாரத்துக்கு ஒரு நாள், மரத்தரைக்கான மிதமான கரைசலில் நனைத்து, கையால் முறுக்கினால் ஒரு சொட்டுகூட விழாத அளவுக்குப் பிழிந்து துடைக்கலாம். தரை ஒரு நிமிடத்தில் காய்ந்துவிட வேண்டும். ஜிக் மாதிரியான பிளீச், சோடா, வினிகர், நீராவி இயந்திரம் எதுவும் வேண்டாம். வியர்வை சொட்டினால் உடனே துடைக்க ஒரு துண்டு கோர்ட் ஓரத்தில் தொங்கட்டும். ஷூவின் கறுப்புக் கீறலுக்குத் திராவகம் தேடாதீர்கள். ஒரு டென்னிஸ் பந்தைக் குச்சியில் செருகித் தேய்த்தால் போய்விடும், பிள்ளைகளே செய்வார்கள். எல்லாவற்றையும்விட வாசலில் மிதியடி முக்கியம். வெளியே ஒன்று, உள்ளே ஒன்று, ஒவ்வொன்றும் மூன்று, நான்கு அடி எடுத்து வைக்கிற நீளத்துக்கு. கடற்கரை மணல் ஷூவில் ஒட்டி வந்தால் அது உப்புத்தாளுக்குச் சமம், வார்னிஷை அறுத்துவிடும்.

கல்யாணமா, பாட்மின்டனா என்ற சண்டைக்கு வருகிறேன். இரண்டும் நடக்கட்டும். ஒரு பாட்மின்டன் கோர்ட் 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். சாட்ஸ்வொர்த்தில் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு மரத்தரை வேறு எங்கே கிடைக்கும்? அதே தரையில்தான் அவர்களுடைய அக்காமாருக்கும் தாலி ஏறுகிறது. சமூகத்தின் ஹால் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் கல்யாணத்துக்கு வாடகைக்குக் கொடுக்கும்போது சில நிபந்தனைகளை எழுதி ஒட்டுங்கள். மணவறைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் அடியில் பழைய கம்பளம், அதன் மேல் மேசனைட் என்கிற மரநார் அட்டை. இரும்பு நாற்காலி ஒவ்வொன்றின் காலிலும் கம்பளித் துணி ஒட்டியிருக்க வேண்டும். கறுப்பு ரப்பர் மூடி கோடு போடும். ஹோமகுண்டம் நேராக மேசனைட்டில் உட்காரக் கூடாது. கீழே இரண்டு வரிசைச் செங்கல், அதன் மேல் மணல் நிரப்பிய தட்டு. தேங்காய் உடைப்பது வெளியே. கோலத்தைப் பலகையில் போட்டுக் கொண்டுவந்து வைக்கட்டும், கல்பொடி தரையைக் கீறும்.

மஞ்சள் சிந்தினால் பதற வேண்டாம். உடனே துடைத்தால் பெரும்பாலும் போகும், மிஞ்சின கறை வெயில் படப்பட வெளிறும். குத்துவிளக்கு எண்ணெய்தான் மோசம். அது பலகை இடுக்கில் இறங்கினால் அடுத்த கோட் அங்கே ஒட்டாது, விளக்குக்கு அடியில் ஓரம் வைத்த தாம்பாளம் கட்டாயம். அலங்காரக்காரர்கள் தரையில் டேப் ஒட்டக் கூடாது. எல்லாம் முடிந்ததும் மேசனைட்டையும் கம்பளத்தையும் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும், பிளாஸ்டிக் விரிப்பு என்றால் இன்னும் சீக்கிரம். மூடிக் கிடந்தால் ஈரம் அடியில் தங்கும். முன்பணம் வாங்குங்கள், ஞாயிறு மாலை கமிட்டியில் ஒருவர் நின்று தரையைப் பார்த்த பிறகு திருப்பிக் கொடுங்கள்.

காற்றின் ஈரத்தைக் காட்டுகிற ஈரப்பதமானி ஒன்றைச் சுவரில் மாட்டுங்கள், விலை அதிகம் இல்லை. அமெரிக்காவின் மேப்பிள் தரை உற்பத்தியாளர் சங்கம் 35 முதல் 50 சதவீதம் வரை வைத்திருக்கச் சொல்கிறது. ஏசி இல்லாமல் டர்பனில் அது நடக்காது, அதற்காக மனம் தளர வேண்டாம். திடீர் மாற்றம் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். மழை கொட்டுகிற நாளில் ஜன்னலைத் திறந்து வைத்தால் தரைக்கு ஈரத்தைத்தான் ஊட்டுகிறோம், மூடிவிட்டு ஃபேனைப் போடுங்கள். வெயிலடிக்கிற மதியத்தில் திறந்துவிடுங்கள். இதைப் படிக்கிற லெனேசியா வாசகர்களுக்கு ஒன்று: ஜோஹானஸ்பர்க் குளிர்காலம் எலும்பு வரை காயும் காலம், உங்கள் தரையில் அப்போது இடுக்கு விழுந்தால் மக்கு அடைக்காதீர்கள். மழைக்காலத்தில் அது தானே மூடிக்கொள்ளும். மக்கு அடைத்திருந்தால் மூட இடம் இருக்காது.

ஆடியில் வேலை நடக்கும்போது இரண்டு எச்சரிக்கை. பழைய கோர்ட் கோடுகளின் சாயத்தில் ஈயம் இருக்கலாம், தேய்க்கும் நாட்களில் பிள்ளைகள் உள்ளே வரக் கூடாது. தேய்த்த தூளையும் எண்ணெய்த் துணியையும் மூட்டை கட்டி ஹாலுக்குள் வைத்துவிட்டுப் போகக் கூடாது. பழைய வார்னிஷ் கலந்த தூள் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். மூடி போட்ட இரும்புத் தொட்டியில் போட்டு, கட்டடத்தை விட்டுத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

அதுவரை அந்த மூலையைக் கயிறு கட்டி ஒதுக்கிவிட்டு, தள்ளி இருக்கிற கோர்ட்டில் ஆடட்டும். கயிறு காலில் தடுக்காத தூரத்தில் இருக்க வேண்டும். பாத்தி மண்ணை இழுத்த அன்றைக்கு 12 இடங்களின் முதல் அளவையும் எடுத்து, ஒரு மாதம் கழித்து அதுவரை எடுத்த மற்ற அளவுகளோடு சேர்த்து எனக்கு அனுப்புங்கள். எண்கள் இறங்கவில்லையென்றால் பாத்தி மட்டும் காரணம் இல்லை. அடியில் எங்கோ ஒரு குழாய் கசியக்கூடும், அதைத் தேட வேண்டியிருக்கும்.